தீவகத்துப் படகுகளும் சுழற்சிமானியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஆழங்குறைந்த கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்று வழங்குகின்றோம். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி வழியே தரைப்பயணமாகச் சென்றுவிடலாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பவற்றுக்கோ கடல்வழி அன்றி வேறு வழியில்லை. அங்கு பிறந்த பிள்ளை பரீட்சை எழுதப் போவதும், நோயாளி யாழ்ப்பாணத்து வைத்தியசாலையை நாடுவதும், அரிசியும் எண்ணெயும் வந்து சேர்வதும் படகினாலேயே. ஆகவே படகின் நலம் தீவின் நலம் என்று கூறின் அது மிகையாகாது.

அப்படகின் நலத்தை அறிவிக்கும் கருவிகளுள் மிகச் சிறியதும், பழுதானால் மிக எளிதாகக் கைவிடப்படுவதுமான ஒன்றைப் பற்றியே இங்கு பேச எண்ணுகின்றேன். ஓட்டியின் முன்னே, உள்ளங்கையளவான வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் நிற்கும். இயந்திரம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கின்றது என்பதை அது காட்டும். நூல்வழக்கில் இதனைச் சுழற்சிமானி என்பர். படகோட்டிகள் வாயில் அது ஆர்.பி.எம். மீற்றர். இச்சிறு கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் கடலின் வரலாற்றோடு பிணைந்தும் இருக்கின்றது.

நம் துறைமுகங்களின் பழமையை அறிய நயினாதீவுக்கே முதலிற் செல்லல் வேண்டும். அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலிற் காணப்படும் தமிழ்ச் சாசனம், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. பிற நாட்டினர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனது பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியது. கலம் உடைதல் எப்போதோ நிகழும் விபத்தாக அன்றி, சட்டம் இயற்றி ஒழுங்குசெய்ய வேண்டிய அளவுக்கு அக்கடலில் வழக்கமாயிருந்தது என்பதை இதனால் உணர்கின்றோம். பாறையும் மணற்றிடலும் நிறைந்த கடல் அது. இன்றும் அதன் இயல்பு மாறிவிடவில்லை.

பின்னர் வந்த போர்த்துக்கேயர் யானைகளைக் கப்பலேற்றிய துறையையே தம் மொழியில் யானைத்துறை என்று அழைத்தனர் என்றும், அதிலிருந்தே கயிற்ஸ் என்னும் பெயர் வந்தது என்றும் கூறுவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்னும் பெயரே ஆங்கிலத்தில் இன்றுவரை நிலைத்தது.

அக்காலமெல்லாம் பாய்மரக் காலம். பாய்மரக் கலத்தைச் செலுத்திய தண்டயலுக்கு அளவுகருவிகள் மிகச் சிலவே. பாயின் வீக்கம், சுக்கானின் இழுவை, கலத்தின் பின்னே செல்லும் நுரையின் நீளம் என்பனவே அவன் கண்ட முட்கள். மேனாட்டு மாலுமிகள் வேகத்தை அளக்க ஒரு கட்டையைக் கயிற்றிற் கட்டிக் கடலில் எறிந்தனர். அக்கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடியில் ஒழுகும் மணற்கடிகை முடியும்வரை கையினின்று நழுவிச் சென்ற முடிச்சுகளை எண்ணினால், கப்பல் மணிக்கு அத்தனை கடல்மைல் செல்கின்றது என்பது பெறப்படும். கடல்வேகத்தை இன்றும் முடிச்சு என்று கணக்கிடுவது இதனாலேதான்.

நம்மவரது பாய்மரத் திறனுக்கு வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி சான்று. உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் என்பவர் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அக்கலம் 1938 ஓகஸ்ட் 1இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. காற்றையும் நீரையும் கண்ணாலும் செவியாலும் படிக்கத் தெரிந்த மரபு அது. அம்மரபின் கையிலேதான் இயந்திரம் வந்து சேர்ந்தது.

இயந்திரத்தின் வரவு மனிதனுக்கு ஒரு புதிய சிக்கலை உண்டாக்கிற்று. காற்று தன் பலத்தைப் பாயிற் காட்டும். இயந்திரமோ தன் பலத்தை இரும்புக் கூட்டினுள் மறைத்துக்கொள்ளும். நீராவி இயந்திரத்தின் வேகம் கட்டுமீறாதிருக்க ஜேம்ஸ் வாற் 1788இல் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட கட்டுப்படுத்தியைப் பொருத்தினார். வேகம் கூடக் குண்டுகள் அகன்று எழும். எழுந்தால் நீராவி வரவு குறையும். குண்டு எழுவதையே அளவாகக் கொண்டால் வேகத்தை எண்ணாற் காட்டலாம் அல்லவா? ஜேர்மனி நாட்டவரான டீற்றிரிக் ஊல்கோர்ன் 1817இல் இயந்திரங்களின் சுழற்சியை அளக்கும் கருவியை அமைத்தார். இன்றைய சுழற்சிமானிக்கு அதுவே முன்னோடி. ருடோல்ப் டீசலின் இயந்திரம் 1897இல் செம்மையாக இயங்கிக் காட்டியது. யப்பானில் யன்மார் நிறுவனத்தார் 1933இல் சிறிய டீசல் இயந்திரத்தை ஆக்கினர். சிறு படகுக்குள்ளும் டீசல் புக வழி திறந்தது.

இலங்கையில் மீன்பிடி வள்ளங்களை இயந்திரமயமாக்கும் அரசாங்க முயற்சி 1958ஆம் ஆண்டளவிற் தொடங்கிற்று. 28 அடி நீளமும் மூன்றரைத் தொன் நிறையுமான படகு அதன் அடையாளமாயிற்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் சீநோர் நிறுவனம் தோன்ற, காரைநகரிலே படகு கட்டுந் தளம் எழுந்தது. பயணிகளை ஏற்றும் லோஞ்சுகளும் தீவுகளுக்கிடையே ஓடலாயின. நெடுந்தீவு மக்கள் மறவாத பெயர் குமுதினி என்னும் மரப்படகு. 1985 மே 15இல் அப்படகிற் பயணஞ்செய்த மக்கள், குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அத்துயரின் பின்னரும் அதே படகு மீண்டும் கடலில் இறங்கிப் பல்லாண்டு மக்களைச் சுமந்தது. தீவகத்தில் ஒரு படகுக்கு முதுமை வந்துவிட்டது என்று எளிதில் ஒதுக்கிவிட முடிவதில்லை. பழைய படகைப் பழுதுபார்த்து ஓட்டுவது அங்கு விருப்பத்தால் நேர்வதன்று, தேவையால் நேர்வது.

இனி, அந்த முள் எதனைச் சொல்கின்றது என்று பார்ப்போம். அது இயந்திரத்தின் வேகத்தை மட்டுமே சொல்வதாகப் பலர் கருதுவர். உண்மையில் அது படகின் அடிப்பாகத்தையும் கடலையும் பற்றியே பேசுகின்றது. நீருக்குள் சுழலும் விசிறி உறிஞ்சும் பலம் சுழற்சியோடு மும்மடி விதியில் ஏறும். நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் ஓடும் படகை 1600க்குக் குறைத்தால், வேண்டிய பலம் ஏறக்குறைய செம்பாதியாகிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தவன் எரிபொருட் செலவிற் கணிசமான ஒரு பகுதியை மீட்டுக்கொள்கின்றான். டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களை அறிந்த ஓட்டிக்கு இது சிறு கணக்கன்று.

இன்னொன்று. விசையை முழுவதும் கொடுத்தும் முள் முன்பு எட்டிய இடத்தை எட்டவில்லையானால், அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். விசிறியிற் சாதாளையோ அறுந்த வலையோ சுற்றியிருக்கலாம். அடியிற் சிப்பியும் பாசியும் படிந்திருக்கலாம். எண்ணெய் வடிகட்டி அடைத்திருக்கலாம். ஆழங்குறைந்த நம் கடலில் இவை நாள்தோறும் நேரக்கூடியவை. முள்ளை நம்பிப் பார்ப்பவன் கரையிலேயே இதனை அறிந்துகொள்வான். பாராதவன் நடுக்கடலில் அறிவான்.

ஆயினும் முள்ளும் பொய் சொல்லும். கருவி இல்லாமை ஒரு குறை. பொய் சொல்லும் கருவி அதனினும் பெரிய குறை. உண்மையிற் கூடுதலாகச் சுழலும் இயந்திரத்தைக் குறைவாகக் காட்டும் முள், ஓட்டியை மேலும் விசை கொடுக்கத் தூண்டும். இயந்திரம் சூடேறும், கரும்புகை கக்கும். கூடுதலாகக் காட்டும் முள்ளோ வீணே அவனை அடக்கி வைக்கும்; படகு நேரந்தவறும். ஆகவே முள் மாறிநின்றால் முதலிற் கேட்க வேண்டிய வினா ஒன்றே: பழுது இயந்திரத்திலா, மானியிலா? இவ்வினாவைக் கேளாமல் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கியோர் பணத்தையும் நாளையும் இழந்ததுண்டு.

இவ்வினாவுக்கு விடைகாண, அப்படகிலுள்ள மானி எவ்வகையினது என அறிதல் வேண்டும். பழைய படகுகளில் மூவகை காணலாம்.

முதலாவது, கம்பி வழி இயங்குவது. இயந்திரத்திலிருந்து ஓர் உறைக்குள் சுழன்றுவரும் முறுக்குக் கம்பி, மானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழிகள் எழுந்து அதனை இழுக்கும். மெல்லிய வில்சுருள் எதிர்த்திழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். இங்கு முள் முற்றாக விழுந்துவிட்டால் உட்கம்பி அறுந்ததாகக் கொள்ளலாம். முள் நடுங்கித் துள்ளினால் கம்பி வறண்டோ மடிந்தோ போயிருக்கும். வெளியே எடுத்துத் துடைத்து மசகிட்டாலே சில வேளை தீரும். ஆண்டாண்டாகச் சிறிது சிறிதாகக் குறைத்துக் காட்டுமாயின் காந்தம் வலுவிழந்தது எனலாம்.

இரண்டாவது, இயந்திரத்தோடு இணைந்த ஒரு சிறு மின்பிறப்பாக்கியினால் இயங்குவது. இதனை விளங்கிக்கொள்ள நம்மவர்க்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. 1990இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி கிடையாமையாற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் மக்கள் வானொலி கேட்டனர். வேகமாகச் சுற்றினால் மின் ஏறும். தளர்த்தினால் வானொலியின் குரல் தாழும். சுற்றும் வேகத்தை மின்னாக மாற்றும் அக்கருவியே, மின்னை முள்ளாக மாற்றினால் சுழற்சிமானி ஆகிவிடும். வீட்டு முற்றத்தில் டைனமோவைச் சுற்றிய சிறுவன், தன்னையறியாமலே இக்கருவியின் தத்துவத்தைக் கையால் உணர்ந்திருந்தான்.

மூன்றாவது, இன்று பெருவழக்கான வகை. பற்றரிக்கு மின்னேற்றும் ஓல்ற்றனேற்றரின் பின்புறத்திலுள்ள ஒரு முனையிலிருந்து துடிப்புகளைப் பெற்று எண்ணுவது இது. பெற்றோல் இயந்திரமாயின் பொறித்துடிப்பை எண்ணலாம். டீசலுக்குப் பொறி இல்லாமையால் இவ்வழியை நாடினர். சில இயந்திரங்களிற் பறவைச் சக்கரத்தின் பற்களை ஒரு காந்த உணரி எண்ணும். 120 பல் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், விநாடிக்கு 3000 துடிப்பு எழும். உணரிக்கும் பல்லுக்கும் இடையே நூலளவு இடைவெளியே இருத்தல் வேண்டும். துருத்தூளும் எண்ணெய் அழுக்கும் அங்கு சேர்ந்தால் எண்ணிக்கை தவறும்.

மூன்றாம் வகையிற் பழுது கண்டறியும் முறை ஒரு வைத்தியனின் முறையை ஒத்தது. முள் இறந்து கிடக்கின்றது. மின்னேற்றம் இல்லை என்னும் சிவப்பு விளக்கும் எரிகின்றது என்றால், நோய் ஓல்ற்றனேற்றரில். பற்றரி செம்மையாக மின்னேறியும் முள் அசையாது என்றால், நோய் கம்பியிலோ மானியிலோ. விளக்குகளை ஏற்றியவுடன் முள் விழுந்து, ஒரு கிறீச்சொலியும் எழுந்தால், பெல்ற் தளர்ந்து வழுக்குகின்றது. இயந்திரத்தில் யாதொரு குறையும் இல்லை. இயக்கியவுடன் சோம்பிக் கிடந்து, சற்று வேகங் கூட்டியபின் முள் எழுமாயின், சில ஓல்ற்றனேற்றர்களுக்கு அது இயல்பேயன்றிப் பழுதன்று.

எவ்வகையாயினும் நம் கடலில் முதற் பகைவன் உப்பு. செப்புக் கம்பியின் முனையிற் பச்சை பூத்திருந்தால் மானியைக் குறைகூற வேண்டியதில்லை. மானியின் எதிர்முனையிலிருந்து பற்றரியின் எதிர்முனைக்குத் தற்காலிகமாக ஒரு கம்பியை நேரே இழுத்துப் பாருங்கள். முள் உயிர்பெற்றால் பழுது பழைய இணைப்பில் என்பது தெளிவு. இரண்டு இயந்திரம் பூட்டிய படகிலோ இன்னும் எளிய சோதனை உண்டு. ஒரே வகையான இரு மானிகளின் இணைப்புகளை இடம்மாற்றிக் கொடுத்தால், பழுது மானியோடு போகின்றதா, இயந்திரத்தோடு நிற்கின்றதா என்பது உடனே புலனாகும்.

இத்தனை சோதித்தும் மானியே பழுது என்று தேறினால், புதியதை வாங்கலாம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுவர். பலகையிலுள்ள துளைக்குள் பொருந்தினால் போதும் என்று எண்ணுகின்றனர். துளை பெரும்பாலும் 85 மில்லிமீற்றரே; பொருந்துவது அரிதன்று. அளவு பொருந்துவதே அரிது. முதலில் மின்னழுத்தம் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பார்த்தல் வேண்டும். பின்னர் இயந்திரம் ஒரு முறை சுழல மானிக்கு எத்தனை துடிப்பு வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். 12 முனைவுள்ள ஓல்ற்றனேற்றர், ஒரு சுற்றுக்கு 6 துடிப்புத் தரும். அதனை இயந்திரம் தன்னைவிட இருமடங்கு வேகத்திற் சுழற்றினால், இயந்திரத்தின் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு. யாரோ ஒருவர் பழைய ஓல்ற்றனேற்றரைக் கழற்றி 14 முனைவுள்ளதைப் பூட்டிவிட்டால் 14 துடிப்பு வரும். உண்மையில் 1500இல் ஓடும் இயந்திரம் 1750 என்று காட்டும். மானி புதிது, கம்பி புதிது, கணக்கு மட்டும் பழையது. பல மானிகளின் பின்புறத்தில் இக்கணக்கைத் திருத்தச் சிறு ஆழிகளோ திருகாணியோ உண்டு. கம்பிவழி மானியாயின், கம்பி இயந்திரத்தின் முழுவேகத்திற் சுழல்கின்றதா அரைவேகத்திலா என்று கேட்டு வாங்கல் வேண்டும். தவறினால் முள் இரட்டியோ பாதியோ காட்டும்.

பூட்டிய பின் அதனை அப்படியே நம்பிவிடலாகாது. இயந்திரத்தின் முன்கப்பியில் ஒளி தெறிக்கும் சிறு பட்டை ஒன்றை ஒட்டி, கையில் ஏந்தும் ஒளிமானியால் எண்ணினால் உண்மை வெளிப்படும். மெல்லோட்டத்தில் ஒருமுறை, வழக்கமான ஓட்டத்தில் ஒருமுறை, முழுவிசையில் ஒருமுறை என மூன்றிடத்தில் ஒப்பிட்டு, அவ்வெண்களைத் திகதியுடன் ஓர் அட்டையில் எழுதி ஓட்டியின் முன்னே தொங்கவிடுதல் நன்று. அடுத்த ஆண்டு அதே சோதனையைச் செய்பவனுக்கு, அந்த அட்டையே படகின் வரலாற்று நூல்.

ஒரு மறுப்பு இங்கு எழலாம். நம் ஓட்டிகள் மானியின்றியே எத்தனையோ காலம் ஓட்டவில்லையா? உண்மையே. உதிரிப்பாகமும் எரிபொருளும் வருதல் தடுக்கப்பட்ட ஆண்டுகளில், நின்றுபோன மானிக்கு மாற்று இல்லை. இயந்திரத்தின் குரலைக் கேட்டே அதன் நலத்தை அறிந்தனர். படகுத் தட்டிற் கைவைத்து அதிர்வை உணர்ந்தனர். பயணிகள் யாதும் அறியாதிருக்கையில், "சத்தம் மாறிப்போச்சு" என்று சொல்லி விசையைத் தளர்த்தும் ஓட்டியின் செவியை இகழ யாரால் முடியும்? காற்றையும் நீரையும் படித்த பழைய தண்டயல்களின் மரபு, டீசலின் இரைச்சலைப் படிக்கவும் கற்றுக்கொண்டது.

ஆனால் செவிக்கு ஒரு குறை உண்டு. அது உடையவனோடு போய்விடும். இயந்திரத்தின் அருகே முப்பது ஆண்டு நின்ற செவி மந்தமாதலும் இயல்பு. மெல்ல மெல்ல வரும் மாற்றத்தைச் செவி பழக்கத்தால் மன்னித்துவிடும். எழுதிவைத்த எண் மன்னிப்பதில்லை. சென்ற ஆண்டு முழுவிசையில் 2200 காட்டிய இயந்திரம் இவ்வாண்டு 2050 காட்டுகின்றது என்பதை, அட்டையில் எழுதிவைத்தவன் மட்டுமே அறிவான். செவியும் முள்ளும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரு வழக்கின் இரு சாட்சிகள். இரண்டும் ஒத்துரைத்தால் பயணத்தைத் தொடரலாம். முரணினால் துறையை விட்டுப் புறப்படுமுன் காரணம் காணல் வேண்டும்.

2017 சனவரியில் அவுஸ்திரேலிய உதவியுடன் நெடுந்தாரகை என்னும் புதுப்படகு நெடுந்தீவுச் சேவையிற் சேர்ந்தது. புதிய படகுகள் வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் புதிய படகும் ஒருநாள் பழையதாகும். அதன் பலகையிலும் உப்புப் பூக்கும். அதன் முள்ளும் ஒருநாள் நடுங்கும். அன்று அதனைச் செப்பஞ்செய்யும் அறிவு தீவகத்து இளைஞனின் கையில் இருத்தல் வேண்டும். ஆனி மாதத் திருவிழாவுக்கு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கக் குறிகட்டுவானில் நெருங்கி நிற்கும் அடியாரும், நாகவிகாரையை வணங்க வரும் யாத்திரிகரும், ஓட்டியின் முன்னுள்ள அச்சிறு வட்டத்தைக் கண்டதும் இரார், கேட்டதும் இரார். ஆயினும் அவர்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பவற்றுள் அதுவும் ஒன்று.

உடைந்த கலத்தின் பொருளை எவ்வாறு பங்கிடுவது என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நயினாதீவுக் கல்லிற் பொறித்தனர். கலம் உடைந்த பின் செய்ய வேண்டிய கணக்கு அது. உடையாதிருக்கச் செய்யும் கணக்கு ஓர் அட்டையில், மூன்று எண்களாய், ஓட்டியின் கையெழுத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு படகிலும் அந்த அட்டை தொங்குமாயின், அதுவே இத்தீவகத்துக்கு நாம் எழுதக்கூடிய நல்ல சாசனம்.